மேலாளர் எக்ஸ்

நிர்வாகவியல் உலகம் எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி: இருபத்தாறு ஆண்டுகள் பிஸ்கட் கம்பெனியை ஆண்ட சிதம்பரநாதன், அது மூடப்பட்டபின், ஐம்பத்து மூன்று வயதில் எம்.பி.ஏ. சேர்ந்தார். பட்டம் இருந்தால்தான் அடுத்த வேலை.

முதல் வாரமே, பெயர் சொல்லாமல், ஒரு கம்பெனி மூழ்கிய கதையைப் பாடமாக எடுத்தார் பேராசிரியை. அமோகமாக விற்ற உப்பு பிஸ்கட்டை, தனக்குப் பிடிக்காது என்பதற்காக நிறுத்திவிட்டாராம் மேலாளர் எக்ஸ். நிறுத்தியது சிதம்பரநாதன்தான்.

"இந்தாளுக்கு எவன் மேடம் வேலை குடுத்தான்?" என்றான் பின்வரிசைப் பையன்.

"அவரு மாமனார்" என்று வாய்தவறிச் சொன்னார் சிதம்பரநாதன்.

"அங்கிள் செம!" என்று வகுப்பே சிரித்தது.

அதே கேள்வி தேர்விலும் வந்தது: எக்ஸ் செய்த தவறுகளை விளக்குக. தவறே இல்லை என்று நான்கு பக்கம் எழுதினார்.

பூஜ்யம் போட்டிருந்தார்கள்.