அருண்பாண்டி மறுத்துவிட்டார்

மூன்றாவது முறையும் அருண்பாண்டி நேர்காணலுக்கு வர மறுத்துவிட்டதாக மெயில் வந்திருந்தது. அதை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன் அருண்பாண்டியேதான்.

அவன் எதையும் மறுக்கவில்லை. மறுக்கிற நிலைமையிலும் இல்லை. நான்கு வருடமாக ஒப்பந்த வேலை. நாளை வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பத்மாசினி மேடம் வீடியோவில் அரை மணி நேரம் பேசிப் பார்த்து, சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சனிக்கிழமை முதல் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அந்த அம்மா அனுப்பும் அழைப்பு அவன் கண்ணில் படுவதற்குள் குப்பைக்குப் போய்விடுகிறது. 'அருண்பாண்டி மறுத்துவிட்டார்' என்று சென்னைக்குப் பதிலும் போய்விடுகிறது. செவ்வாய் மூன்றரை மணி போச்சு. புதன் பன்னிரண்டரை போச்சு. இன்று வியாழன் இரண்டு மணி, அதுவும் போச்சு.

கொடுமை என்னவென்றால், சமயநல்லூரில் இருக்கிற அந்தப் பார்சல் கம்பெனிக்கு மெயிலையும் காலண்டரையும் பார்த்துக்கொள்கிற ஆளே அவன்தான்.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வருகிற மெயிலைத் தானாக அழிக்கும் விதி ஏதாவது இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தான். கம்ப்யூட்டரையே மாற்றிப் பார்த்தான். கடவுச்சொல்லை மட்டும் மாற்றவில்லை. திருடன் யாரென்று தெரியாமல் பூட்டை மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

"ஊருக்கே மெயில் சரி பண்ற. ஒனக்கு வர்ற மெயிலு மட்டும் எங்கிட்டுப் போகுது மாப்ள?" என்று சரக்கு ஏற்றும் பகுதியிலிருந்து ஜெயபாண்டி சிரித்தபோது, இவன்தான் அந்தத் திருடனோ என்றுகூட அருண்பாண்டிக்குத் தோன்றியது. முறைத்தான்.

மறுப்பு எந்தக் கருவியிலிருந்து போனது என்று காட்டும் பதிவைத் திறக்கிற அதிகாரம் சென்னையில் இருந்தது. கெஞ்சி இரண்டு நாள் ஆகி, இன்று மூன்று மணிக்குத்தான் அனுப்பிவைத்தார்கள்.

மூன்று மறுப்பும் ஒரே போனிலிருந்து. அவனுடைய பழைய போன்.

போன தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கியபோது, பாட்டுக் கேட்கட்டும் என்று அப்பாவுக்குக் கொடுத்தது அது. ஆபீஸ் மெயிலை அதிலிருந்து எடுக்காமலே கொடுத்திருக்கிறான். 'அலுவலக மெயிலை வீட்டுப் போனில் வைத்திருக்கக் கூடாது' என்று எல்லாருக்கும் சுற்றறிக்கை விட்ட புண்ணியவானும் இவனே.

விளாங்குடி வீட்டுக்கு அடித்தான். அப்பா சிவனாண்டி, பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமாக எடுத்தார். ஒளிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"ஆமா, நாந்தேன் 'இல்லை'ன்னு அமுக்குனேன். செவ்வா மூணரை, ராகு காலம். புதன் பன்னண்டரை, ராகு காலம். இன்னைக்கும் அதே கூத்து. நல்ல காரியத்துக்கு அந்நேரமா கூப்புடுவாய்ங்க? வேணாம்னா வேற நேரம் குடுப்பாய்ங்கன்னு தெரியும். குடுத்தாய்ங்களா இல்லையா?"

கொடுத்தார்கள்தான்.

அக்காவுக்கு நிச்சயம் பேசியபோதும் அவர் இப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்தையெல்லாம் ஆகாது ஆகாது என்று தட்டிக்கொண்டே போய், நாலாவது நேரத்துக்குத்தான் தலையாட்டினார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. பத்மாசினி மேடம் சம்பந்தி இல்லையே.

"இன்னமும் ராகு காலம், எமகண்டம்னு... என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேப்பா!"

அவன் கத்தியதில் ஜெயபாண்டி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். அருண்பாண்டி போனைத் துண்டித்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் பழைய போனிலிருந்து தன் மெயிலை வெளியேற்றினான். அதற்குள் அழுகையே வந்துவிட்டது.

சென்னைக்கு என்னவென்று எழுதுவது? மெயிலில் கோளாறு என்றால், மெயிலை ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவனுக்கு எதற்கு நிரந்தர வேலை என்பார்கள். வீட்டுப் போன் என்றால், தான் போட்ட விதியைத் தானே மீறியவன் என்பார்கள். எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் நடந்ததை அப்படியே ஒப்புக்கொண்டான். இனி எந்த நேரம் சொன்னாலும் வருகிறேன், ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று முடித்தான்.

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. இந்த முறை அது குப்பைக்குப் போகவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. கீழே பத்மாசினி மேடம் ஒரு வரி சேர்த்திருந்தார்: இதுதான் கடைசி.

'ஆம்' என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தான். அழுத்தப் போனவன், எழுந்து போய் ஜெயபாண்டியின் மேசைக்கு மேல் தொங்கிய தினசரிக் காலண்டரில் நாளைய தாளைத் தூக்கிப் பார்த்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாகத் தட்டினான்.

'மேடம், மன்னிக்கவும். நாளை காலை பத்தரை முதல் பன்னிரண்டு மணி வரை இங்கே மெயில் பராமரிப்பு வேலை இருக்கிறது. பன்னிரண்டேகாலுக்கு வைத்துக்கொள்ள முடியுமா?'