இன்னும் கொஞ்சம் கறுப்பு

"இன்னும் கொஞ்சம் கறுப்பா வேணும்மா."

மனிதர் மறுபடியும் வந்துவிட்டார். நேற்று வாங்கிப் போன பிரிண்ட் கையில் சுருண்டிருந்தது.

அவளுக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அந்த வட்டாரத்தில் அவள் கடைக்குத்தான் பேர். கடை என்ன பெரிய கடை! ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவள். பகல் பூராவும் அந்த மெஷின் சத்தம்தான் பேச்சுத்துணை.

"சார், இதுக்கு மேல போனா தார் பூசின மாதிரி ஆயிடும். நிழலுக்குள்ளயும் கொஞ்சம் விவரம் தெரியணும். அப்பத்தான் அது நல்ல பிரிண்ட்."

"எனக்கு நல்ல பிரிண்ட் வேணாம்மா. இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

ஒரு சோபா. ஜன்னலோரமாக அவர் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் நல்ல வெளிச்சம். சோபாவின் மறுபாதி இருட்டு. படம் அவ்வளவுதான்.

"சாயங்காலம் வாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

திரையில் படத்தைத் திறந்தாள். ஓரத்தில் வெளிச்சக் கணக்கு வரைபடமாக எழுந்து நின்றது. இடது பக்கம் கறுப்பு மலையாகக் குவிந்திருந்தது. வலது பக்கம் வெள்ளை சின்ன மேடு. நடுவே சாம்பல் இருக்கவேண்டிய இடம் கிட்டத்தட்ட வெறும் தரை.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த இருட்டில்?

நிழலை மட்டும் மெல்ல மெல்ல வெளுக்க வைத்தாள். முதலில் ஒரு தோள் வந்தது. பிறகு ஒரு சால்வை. பிறகு முகம்.

ஒரு பெண். தலையில் முடியே இல்லை. கன்னம் ஒட்டிப் போய், அவர் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அடப்பாவி!"

கடைக்காரியும் ஒரு குடும்பப் படத்தில் இருந்தவள்தான். விவாகரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் அவளை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, மிச்சத்தை ஹாலில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டபோது பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாம்பல் நிழல் விடாமல், அந்தப் பெண் முழுசாகத் தெரியும்படி பிரிண்ட் போட்டாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் அதை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"யாரு சார் இது?"

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என் சம்சாரம்."

"எங்க இருக்காங்க?"

"போயிட்டா. போன மழைக்காலத்துல."

"நோயில உருமாறிப் போனா பொண்டாட்டி இல்லேன்னு ஆயிடுமா? உங்க முகம் மட்டும் பளிச்சுனு இருக்கணும். அவங்க இருந்த சுவடே தெரியக் கூடாது. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! என் கையால இவங்கள மறைக்க மாட்டேன். வேற கடை பாத்துக்கங்க."

அவர் மேஜைப் பக்கம் குனிந்தார். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சிரிக்கிறாம்மா."

"என்னது?"

"சிரிச்சிருக்கா. எனக்குத் தெரியவே தெரியாது. தானா எடுக்கிற மாதிரி காமிராவ வெச்சுட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். அவ பக்கம் விளக்கே இல்ல."

"ஏன், போட்டா என்ன?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"அவதான் அணைக்கச் சொன்னா. உடம்புக்கு வந்ததுலேருந்து அவ கண்ணாடிகூடப் பார்க்கல. ஒரே ஒரு படம் எடுத்துக்கலாம்னு நானும் கெஞ்சிக்கிட்டே இருந்தேன். கடைசியில, 'உங்க பக்கத்துல உட்கார்றேன். ஆனா என் மூஞ்சி ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது, சத்தியம் பண்ணுங்க'ன்னா. பண்ணிட்டேன்."

அவள் பார்வை அவர் கையிலிருந்த படத்துக்குப் போயிற்று.

"நேத்து பிரிண்ட்ல தோள் லேசா தெரிஞ்சுதா, எனக்குப் பதறிப் போச்சு." அவர் படத்தைக் கவிழ்த்து அவள் பக்கமாகத் தள்ளினார். "கூட வெச்சுக்கத்தான் ஆசையா இருக்கு. ஆனா கிழிச்சிடுங்க. என்னால முடியாது."

அவளாலும் சட்டென்று முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழித்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கறுப்பைக் கூட்டினாள். தோள் போயிற்று. சால்வை போயிற்று. அந்தச் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் தங்கி, அதுவும் போயிற்று.

புது பிரிண்டை அவர் ட்யூப்லைட் அடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எங்கும் ஒன்றும் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க சார்" என்றாள். "தெரியாம பார்த்துட்டேன்."

"பரவாயில்லம்மா. அவ வேத்து மனுஷங்ககிட்டதான் கூச்சப்படுவா. நீங்க அவளுக்காக என்கூடச் சண்டை போட்டவங்க."

அவர் அந்தக் கறுப்பில் ஓரிடத்தில் மெல்ல விரலை வைத்தார்.

"இங்கதான் இருக்கா. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும்."