தார்ப்பாய் வந்துவிட்டது

கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் மாலதி எழுந்து ஆபீஸ் ஜன்னலோரம் போய் நின்றாள்.

கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் நல்லபடியாக இருந்தது. அரசு ஆன்லைன் சந்தையில் கூட்டுறவு சங்கம் வாங்கிய தார்ப்பாய்கள், வந்து சேர்ந்து சரிபார்த்தாயிற்று என்று பச்சை எழுத்தில் நின்றன. அப்படிப் பதியும் பொத்தானை அழுத்தியவள் சங்கத்து எழுத்தரான அவள்தான்.

சரக்குதான் வரவில்லை.

விற்றவன் போனில் அக்கா அக்கா என்று உருகினான். லாரி கிளம்பிவிட்டது, மாதக் கடைசி, இப்போதே வரவு காட்டிவிடுங்கள் என்றான். உர மூட்டை இறங்குமுன்னே கையெழுத்துப் போட்டுப் பழகிய ஆபீஸ் அது. உரக்காரர் ஏமாற்றினால் கும்பகோணம் கடையில் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இவன் முகத்தை யார் கண்டது? அழுத்திவிட்டாள். இப்போது அவன் போன் அணைந்து கிடக்கிறது.

அதோடு விட்டாளா? காலையில் களத்து ஆட்கள் கேட்டபோது, பயத்தில், வந்துவிட்டது, குடோனில் இருக்கிறது என்று வேறு சொல்லிவைத்தாள். மழைக்கு முன்னே லாரி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கையாவது மண்ணாங்கட்டியாவது.

கொள்முதலுக்குக் காத்திருந்த நெல் எதிரே களத்தில் குவியல் குவியலாகத் திறந்து கிடந்தது. நனைந்தால் முளைத்துவிடும், யாரும் எடுக்க மாட்டார்கள். அவள் அப்பாவின் நெல்லும் அதில்தான். அவரிடமும் அதே பொய்தான்.

தகரக் கூரையில் தூறல் விழுந்தது. குத்தகைக்குப் பயிர் வைக்கிற ரெத்தினம் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

மாலதி குடோன் சாவியைக் கையில் எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம், மனுசன் தன்னிடம் இருக்கிற பழைய தார்ப்பாயையாவது போட்டு மூடிக்கொள்ளட்டும் என்று வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் மூச்சு வாங்கப் பேசிவிட்டார்.

"ஒண்ணு குடுங்கம்மா, போதும். என்கிட்ட இருந்த பழசை உங்கப்பா நெல்லு மேல போட்டு மூடிட்டு வர்றேன். முடியாத மனுசன், தனியா கெடந்து அல்லாடுறாரு. அதான் இங்க புதுசு வந்துருச்சே."

சொல்லிவிட்டு, அவள் வந்து திறக்கட்டும் என்று குடோன் வாசலில் போய் நின்றுகொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது.