நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி

வரச்சொல்லிக் கடிதம் போட்டுவிட்டுத் தன்னைப் பத்து நிமிடம் காக்கவைத்ததே அந்தத் தொழிலதிபருக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு, எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு படம். நூற்றுக்கணக்கான புள்ளிகள், அவற்றுக்கிடையே சிக்கிக்கொண்ட நூல்கண்டு மாதிரி கோடுகள்.

கோப்போடு உள்ளே வந்த இளம்பெண்ணிடம், "யாரும்மா இதைக் கிறுக்கினது?" என்றார்.

"நான்தான் சார். கம்ப்யூட்டரும் கூடச் சேர்ந்து."

"எத்தனை நாளாச்சு?"

"பதினாலு மாசம்."

"என் பேத்தி பத்து நிமிஷத்துல இதைவிட நல்லாப் போடுவா. இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க சார்."

அவள் கோபப்படாதது அவருக்கு இன்னும் உற்சாகமாகிவிட்டது. எழுந்து படத்தருகே போனார்.

"எந்தக் கோட்டைப் பிடிச்சாலும் ஊரெல்லாம் சுத்திட்டு நடுவுல இருக்கற சிவப்புப் புள்ளிக்கே வந்து நிக்குது. கற்பனையே இல்லையேம்மா. அது என்ன, சூரியனா?"

"இல்ல சார், நீங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"மத்த புள்ளியெல்லாம் உங்க டிரைவர், சமையல்காரர் பேர்ல நீங்க நடத்தற கம்பெனிங்க. கோடெல்லாம், பேங்க்ல நீங்க வாங்கின கடன் போன வழி."

கோப்பைத் திறந்து கைது உத்தரவை மேசைமேல் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் தள்ளினார். "இருக்கவே முடியாது. என் கணக்கை எந்த ஆடிட்டராலயும் படிச்சுக் கண்டுபிடிக்க முடியாது."

"நிஜந்தான் சார். எங்களாலயும் படிக்க முடியல. அதான் வரைஞ்சு பார்த்தோம்."