எண்ணெய் தடவாத அரிவாள்

கூடத்து நாற்காலியில் அப்பா, தரையில் அத்தை, அடுக்களை வாசலில் கல்யாணம் நிச்சயமான தங்கை சண்முகவடிவு, மேசையருகே நான். நடுவே, நாகர்கோவில் சம்பந்தி வீட்டார் பஸ்ஸில் அனுப்பிய பலாப்பழம் பிளந்து கிடக்கிறது. அத்தையின் பத்து விரல்களும் பலாப்பாலில் ஒட்டிப் பிசுபிசுக்கின்றன. வெயிலோடு ஈயும் உள்ளே வருகிறது. "எண்ணெய் தடவி அறுக்கச் சொல்லித்தான விட்டாக?" என்கிறாள் வடிவு. "அருப்புக்கோட்டைக்காரிக்கு அருவா பிடிக்க அவுக சொல்லித் தரணுமோ?" என்று அத்தை சீறுகிறாள். "வாக்கப்படுமுன்னயே அவுகளுக்குப் பரிஞ்சு பேசுறா பாரு, அண்ணே!" அப்பா என் பக்கம் திரும்புகிறார். "இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு அவுகளுக்கு ஒரு கடுதாசி எழுதுலே." எழுதுகிறேன். உறையை ஒட்டப் பசை இல்லை. அரிவாளில் படிந்த பாலை அப்பா விரலால் வழித்து, உறையின் ஓரத்தில் பூசி அழுத்துகிறார், கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இதுவரை யாரும் வாயில் வைக்காத பழத்திலிருந்து ஒரு சுளையைப் பிய்த்து, அப்பாவைப் பார்த்தபடியே தின்கிறாள் வடிவு. உறையோடு நான் தபால்பெட்டிக்கு இறங்குகிறேன்.