கரெக்ட் கிராணி

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சின்னத்தம்பிக்கு வாயில் ஒரே சொல்தான். கரெக்ட்.

மழை வரும் என்று துரை சொன்னால் கரெக்ட். வராது என்றாலும் கரெக்ட். கூலியாள் முறையிட வந்தால், 'போதும், போ' என்பதற்கும் கரெக்ட். அந்தச் சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருப்பது இங்கிலீஷ்காரனுக்கே தெரியாது.

தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டம். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். துரைக்குத் தமிழ் நன்றாக வரும். திட்டுவதற்குக் கற்றது.

அன்று அதிசயமாகக் கிராணியே பேச்சைத் தொடங்கினார்.

"சார், இந்தப் பேச்சியம்மா வெட்டு சரியில்லை. மரமெல்லாம் காயம்."

கூட்டம் விழித்தது. மலைமேல் உள்ள மர வரிசையில் அவளைப்போல் காயம் படாமல் பட்டை சீவிப் பால் இறக்க ஆளில்லை. மூன்று மாதக் கைப்பிள்ளையைக் கீழே ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு ஏறுகிறவள்.

"எனக்குத் தெரியும். நேற்றே பார்த்தேன்," என்றார், நேற்று மலைப்பக்கமே போகாத துரை.

"கரெக்ட், சார்."

"கத்தியை வாங்கு. ஆற்றோரம் புல் வெட்டட்டும்."

"கரெக்ட், சார். அங்கே தூங்கினாலும் யாருக்கும் தெரியாது."

துரை யோசித்தார். "வேண்டாம். ஆயாக் கொட்டகைப் பக்கம் வெட்டட்டும். என் கண்ணில் படும்."

"கரெக்ட், சார்."

வரிசையில் நின்ற அவள் புருஷன் ஐயாசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துரையும் கிராணியும் ஆபீசுக்குள் நுழைந்த பிறகுதான் அவனுக்குத் தலை நிமிர்ந்தது.

"வெட்டுக்காரியப் புல்லுக்காரி ஆக்கிட்டானே, காலு நக்கி. சாயந்தரம் வரட்டும், கரெக்ட்டுனு சொல்ல வாயில பல்லு இருக்காது."

"விடாதேடா," என்றான் கங்காணி காளியப்பன். அவனும் அதுவரை வாய் திறக்காதவன்தான்.

பேச்சியம்மாள் கத்தியைக் கங்காணி கையில் கொடுத்தாள்.

"அவரை ஏன் வையிறீங்க? பாலில்லாம புள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. கீழ வேலை கேளுங்கய்யான்னு நான்தான் கிராணி கால்ல விழுந்தேன். கேட்டா துரை குடுக்க மாட்டாரு, தண்டனைன்னாதான் குடுப்பாருன்னு இந்த வழி பண்ணாரு."

"புருஷன் நான் இருக்கேன். என்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"உங்ககிட்டத்தான் முதல்ல சொன்னேன். 'துரைகிட்ட எவன்டி பேசறது'ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டீங்க."