பாதிப் பாத்தி

“களிமண்ணுக்கு இதுதான் சரி. நல்ல கனம், துள்ளாது,” என்று உழவு மெஷினைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர்.

“ரிமோட்ல ஓடுறது இருக்குங்களா?” என்றார் வந்தவர்.

“வீட்டு முன்னாடி பூப்பாத்தி போட ரிமோட்டா? எதுக்குங்க?”

“தள்ளி நின்னு ஓட்டணும்.”

கடைக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரியான உடம்பு வணங்காத ஆசாமி!

“கையில மண்ணு ஒட்டாம பூ மட்டும் பூக்கணுமாக்கும்?”

வந்தவர் கோபப்படவில்லை.

“சண்டை முடிஞ்சு இப்பதான் வீடு திரும்பினோம். கண்ணிவெடி எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் பூச்செடி வைக்க மண்வெட்டியோட இறங்கினா என் பொண்ணு.”

கடைக்காரரின் கை மெஷினிலிருந்து நழுவியது.

“வெடிச்சப்போ பாதிப் பாத்திதான் வெட்டியிருந்தா. மீதியை நான் முடிக்கணுங்க.”